திருத்தியதா, திருத்தாததா? 14,120 ரூபாய் கொடுத்துக் கற்ற ஈரப்பதக் கணக்கு

16.8, 17.1, 17.0. 2025 குறுவையை அறுத்து நெல் களத்தில் கிடந்தபோது அதன் ஈரம் இத்தனை சதவீதம் என்று என் நோட்டில் எழுதிவைத்த மூன்று எண்கள் இவை. இவற்றை நம்பித்தான் எட்டு டன் நெல்லை டிராக்டரில் ஏற்றினேன். அடுத்த பத்து நாளில் 14,120 ரூபாய் போனது, தூக்கம் போனது தனி. முன்னாலேயே யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இதில் முக்கால்வாசி தப்பியிருக்கும். எனக்குச் சொல்ல ஆள் இல்லை, அதனால் நான் எழுதிவைக்கிறேன்.

எங்களுக்கு மன்னார்குடிப் பக்கம் பாமணியாற்றுப் பாசனத்தில் 12 மா நிலம், அதாவது 4 ஏக்கர். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார். மாமாவுக்கு வயது 78, வரப்பில் இறங்கக் கைத்தடி வேண்டும். ஆகவே நாற்று விடுவதிலிருந்து நெல் போடுவது வரை எல்லாம் என் தலையில்தான். குறுவைக்கு ஏடிடி 37 ரகம் போட்டிருந்தேன். குண்டு நெல், 105 நாளில் வந்துவிடும். விளைச்சலில் குறை சொல்ல முடியாது. குறுவையின் தொல்லையே அறுவடையில்தான். செப்டம்பர் கடைசி, அக்டோபர் என்று மழை வாசலில் நிற்கும்போது அறுக்க வேண்டும். செயின் அறுவடை வண்டி வைத்து அறுத்தால் நெல் 22, 23 சதவீத ஈரத்தோடு வந்து விழும். அரசு நெல் வாங்கும் நேரடிக் கொள்முதல் நிலையத்திலோ 17 சதவீதம்தான் வரம்பு. 2022 அக்டோபரில் 19 வரை, 2023 பிப்ரவரியில் மழையில் மாட்டிய சம்பாவுக்கு 20 வரை என்று தளர்த்தினார்கள். ஆனால் தளர்த்துவார்கள் என்று நம்பி யாரும் நெல்லை ஈரத்தோடு வைத்துக்கொண்டு உட்கார முடியாது. இரண்டு நாள் குவியலாகக் கிடந்தால் உள்ளே கை வைக்க முடியாமல் சுடும், அப்புறம் முளைக்கும்.

அதனால் 7,400 ரூபாய் கொடுத்து ஒரு ஈரப்பத மீட்டர் வாங்கினேன். குவளையில் நெல்லைக் கொட்டி பொத்தானை அழுத்தினால் எண் வரும், அவ்வளவுதான். மாமா நெல்லைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு வெயில் வேணும் தாயி" என்றார். என் கையில் மீட்டர் 17.0 காட்டிக்கொண்டிருக்கிறது. புள்ளிக்கு அப்புறமும் ஓர் எண் காட்டும் கருவியா, 78 வயதுப் பல்லா? நான் கருவியை நம்பினேன். புள்ளிக்கு அப்புறம் ஓர் எண் இருப்பதால் மட்டும் அது துல்லியம் ஆகிவிடாது என்று அன்றைக்குத் தெரியாது. கருவியோடு வந்த தாளிலேயே அரை சதவீதம் கூடக் குறைய இருக்கலாம் என்று அச்சடித்திருந்தது. நான் அதைப் படித்ததே பணம் போன பிறகுதான்.

அன்று அளந்த விதத்திலும் தப்பு இருந்தது. மாலை 5 மணிக்கு, வெயில் சூடு ஆறாத நெல்லை, களத்தின் ஓரத்தில் மேலாக இருந்ததை ஒரு கை அள்ளிப் போட்டேன். மேல் நெல் எப்போதும் அடி நெல்லைவிடக் காய்ந்திருக்கும். ஒரே நெல்மணியிலும் வெளிப்பக்கம் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும். ராத்திரி குவித்து மூடி வைத்தால் உள் ஈரம் வெளியே வந்து, காலையில் அதே நெல் கூடுதலாகக் காட்டும். ஆகவே வெயிலிலிருந்து எடுத்த கையோடு அளக்காதீர்கள். குவியலில் ஐந்தாறு இடத்தில் முழங்கை வரை கையை விட்டு அள்ளி, ஒரு சட்டியில் கலந்து, பதர், தூசு, வைக்கோல் துணுக்கு எல்லாம் புடைத்து நீக்கி, நிழலில் அரை மணி நேரம் மூடி வையுங்கள். மீட்டரும் பக்கத்திலேயே இருக்கட்டும், நெல்லுக்கும் அதற்கும் ஒரே சூடு இருக்க வேண்டும். குவளையில் கொட்டும்போது ஒவ்வொரு முறையும் ஒரே உயரத்திலிருந்து கொட்டுங்கள், அமுக்காதீர்கள். பனி இறங்கிய நெல்லைக் காலையில் அளந்தால் மேல் ஈரத்தைப் பார்த்து அதிகம் காட்டும். இன்னொன்று, மீட்டரில் நெல்லுக்கு ஓர் எண், அரிசிக்கு ஓர் எண், கோதுமைக்கு ஓர் எண் என்று இருக்கும். எங்கள் தெருவில் ஒருவர் போன சம்பா முழுக்க அரிசிக்கான எண்ணிலேயே வைத்து நெல்லை அளந்திருக்கிறார்!

சரி, கதைக்கு வருகிறேன். இரண்டு நடையில் நெல் முழுவதையும் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டேன். வரிசை வந்ததும் பட்டியல் எழுத்தர் அவருடைய மீட்டரில் போட்டார். 19.2. மறுபடி போட்டார், 18.9. மூன்றாவது 19.4. "காயல அக்கா" என்றார். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. இதற்காகவே பையில் கொண்டுபோயிருந்த என் மீட்டரை எடுத்து, அவர் கண் முன்னாலேயே அதே நெல்லைப் போட்டுக் காட்டினேன். 17.3. "பாருங்க சார், உங்க மீட்டர்தான் தப்பு" என்று நான் போட்ட சத்தத்தில் சுமை தூக்கும் ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அவர் சத்தம் போடவில்லை. "ரெண்டுல ஒண்ணு தப்புதான். எதுன்னு எப்படிச் சொல்வீங்க?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இரண்டு கருவி இரண்டு விதமாகக் காட்டினால், நமக்குச் சாதகமாகக் காட்டுவதுதான் சரி என்று மனசு தீர்ப்பு எழுதிவிடுகிறது. வீட்டுக்கு வந்து யோசித்தபோது வெட்கமாக இருந்தது.

அங்கே பரப்பிக் காயவைக்க இடமில்லை. எல்லா நெல்லையும் திரும்ப ஏற்றி வீட்டுக்கே கொண்டுவந்தேன். போக இரண்டு நடை, வர இரண்டு நடை, நடைக்கு 1,200 என்று 4,800 ரூபாய். ஏற்றி இறக்க 1,600. முதலில் ஒரு டப்பாவில் ஒரு கிலோ நெல்லை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் போய்க் காட்டியிருந்தால் இந்த 6,400 மிஞ்சியிருக்கும். டப்பா என்றால் காற்றுப் புகாத டப்பா. துணிப்பையில் கட்டிக்கொண்டு போனால் வழியிலேயே ஈரம் மாறும்.

அந்த நாளில் நான் செய்த ஒரே நல்ல காரியம், அளந்த நெல்லிலேயே கொஞ்சத்தை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு இறுக மூடி எடுத்துவந்தது. சண்டையைத் தொடரத்தான் எடுத்தேன், அறிவு வளர்க்க இல்லை. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு நவீன அரிசி ஆலை இருக்கிறது. அங்கே பரிசோதனை அறையில் வேலை பார்க்கும் பெண் எனக்குத் தெரிந்த பிள்ளை. அவளிடம் பாட்டிலைக் கொடுத்தேன். அவள் பத்துப் பத்து கிராமாக மூன்று தட்டில் நிறுத்து, 130 டிகிரி ஓவனில் ராத்திரி முழுக்க, 16 மணி நேரம் வைத்தாள். மறுநாள் ஈரம் புகாத மூடிய ஜாடியில் ஆறவிட்டு மறுபடி நிறுத்தாள். 10 கிராம் 8.09, 8.08, 8.10 ஆகியிருந்தது. போனது முழுக்கத் தண்ணீர். பத்தில் 1.91 போனால் 19.1 சதவீதம். கொள்முதல் நிலையத்து மீட்டர் கிட்டத்தட்ட சரி, என் மீட்டர் 1.8 குறைவாகக் காட்டுகிறது. "உங்க மீட்டர் காட்டுறதோட 1.8 கூட்டிக்குங்க அக்கா" என்றாள். எல்லா இடத்து மீட்டரும் எப்போதும் சரியாக இருக்கும் என்று இதற்கு அர்த்தமில்லை. அன்றைக்கு, அந்த நெல்லுக்கு, அந்த மீட்டர் சரியாக இருந்தது. சந்தேகம் வந்தால் சத்தம் போடுவதைவிட, மூடிய பாட்டில் ஒன்று கையில் இருப்பது பலம்.

இத்தோடு முடிந்திருந்தால் நஷ்டம் 6,400தான். பெரிய கூத்து இனிமேல்தான். வீட்டுக்கு வந்ததும் நோட்டின் முதல் பக்கத்தில் "மீட்டர் பிழை 1.8" என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். கூட்ட வேண்டுமா, கழிக்க வேண்டுமா என்று எழுதவில்லை. யார் கூட்டுவது என்றும் எழுதவில்லை. களத்தில் நெல்லை மறுபடி பரப்பினோம். மச்சாண்டார் பையன் காலேஜ் லீவில் வந்திருந்தான். நான் சமையல், மாடு, மாமாவுக்கு மருந்து என்று உள்ளேயும் வெளியேயும் ஓடிக்கொண்டிருந்ததால், அளந்து எழுதும் வேலையை அவனிடம் கொடுத்தேன். பையன் கெட்டிக்காரன். முதல் பக்கத்தைப் பார்த்தான், மீட்டர் 15.2 காட்டியதும் மனசுக்குள்ளேயே 1.8 கூட்டி, நோட்டில் 17.0 என்று எழுதினான். நான் சாயங்காலம் நோட்டைப் பார்த்தேன். 17.0 என்றிருந்தது. அதோடு நானும் 1.8 கூட்டினேன். 18.8! இன்னும் காயவில்லையே என்று மறுநாளும் மூன்று ஆள் வைத்துக் கிளறினோம். அதற்கு மறுநாளும். மூன்றாம் நாள் அவன் 15.2 என்று எழுதியிருந்தான். நான் கூட்டினேன், 17.0. அப்பாடா என்று டிராக்டருக்குச் சொல்லி அனுப்பினேன்.

நல்லவேளை, இந்த முறை டப்பாவோடு போனேன். அதே எழுத்தர் மீட்டரில் போட்டார். 14.6. மறுபடி போட்டார், 14.6. "இப்படிக் காயவெச்சா எடை என்னத்துக்கு ஆகும்?" என்று சிரித்தார். அன்று பழிவாங்கியது மாதிரி எனக்குத் தோன்றியது. பாவம், அவர் நிஜமாகவே இரக்கப்பட்டுத்தான் சொன்னார்.

ஈரம் கூடினால் திருப்பி அனுப்புவார்கள், அது கண்ணுக்குத் தெரிகிற நஷ்டம். ஈரம் குறைந்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், சத்தமில்லாமல் எடை போய்விடும். 17க்கும் 14.6க்கும் வித்தியாசம் 2.4, எட்டாயிரம் கிலோவுக்கு 192 கிலோதான் என்று நினைப்போம். கணக்கு அப்படிப் போகாது, ஏனென்றால் சதவீதம் என்பது தண்ணீரோடு சேர்ந்த மொத்த எடைக்கு. 17 சதவீதத்தில் 8,000 கிலோ என்றால் தண்ணீர் இல்லாத நெல் அதில் 83 பங்கு, 6,640 கிலோ. அந்த 6,640 மாறாது. ஈரம் 14.6 ஆகும்போது அது 85.4 பங்கு, ஆகவே மொத்த எடை 7,775 கிலோ. போனது 225 கிலோ. 40 கிலோ சிப்பமாக 200 வர வேண்டிய இடத்தில் 194ம் சில்லறையும் வந்தது. சாதாரண ரகத்துக்கு அந்தப் பருவத்தில் ஊக்கத்தொகை சேர்த்து குவிண்டால் 2,500 ரூபாய், கிலோ 25. கிட்டத்தட்ட 5,620 ரூபாய்த் தண்ணீரை நானே ஆள் வைத்து ஆவியாக்கியிருக்கிறேன். அந்த இரண்டு நாள் ஆள் கூலி 2,100. எல்லாம் சேர்த்தால்தான் முதலில் சொன்ன 14,120.

பையன்மேல் எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் அவன் செய்தது தப்பே இல்லை, நோட்டுதான் தப்பு. இப்போது என் நோட்டில் ஒவ்வொரு அளவுக்கும் மூன்று கட்டம் இருக்கிறது. முதல் கட்டத்தில் மீட்டர் என்ன காட்டியதோ அதை அப்படியே எழுத வேண்டும், மனசுக்குள் எதையும் கூட்டவோ கழிக்கவோ கூடாது. இரண்டாவதில் திருத்தம், கூட்டல் குறியோ கழித்தல் குறியோ கட்டாயம். மூன்றாவதில் திருத்திய அளவு. எந்த எண்ணைப் பார்த்தாலும் அது திருத்தியதா திருத்தாததா என்று யாரையும் கேட்காமலே தெரிய வேண்டும். குறி விஷயத்தில் ஒரு சின்னக் குழப்பம் எல்லோருக்கும் வரும். என் மீட்டர் 1.8 குறைவாகக் காட்டுகிறது என்றால் அதன் பிழை கழித்தல் 1.8, நான் செய்ய வேண்டிய திருத்தம் கூட்டல் 1.8. இரண்டும் எதிரும் புதிருமானவை. அதனால் "பிழை" என்ற சொல்லையே நோட்டிலிருந்து எடுத்துவிட்டேன், "கூட்டு 1.8" என்று மட்டும் எழுதுகிறேன். கூடவே தேதி, நேரம், எந்தக் குவியல், யார் அளந்தது. மூன்று முறை அளந்தால் மூன்றையும் எழுதுவேன். சராசரியை மட்டும் எழுதினால் அதில் ஒன்று தாறுமாறாக இருந்தது பின்னால் தெரியாது. மூன்றுக்கும் அரைக்கு மேல் வித்தியாசம் வந்தால் நெல் சரியாகக் கலக்கவில்லை என்று மறுபடி அள்ளுவேன். எழுதியது தப்பானால் அதன்மேலேயே அழுத்தி எழுதி 6ஐ 8 ஆக்குவது கிடையாது. ஒரு கோடு அடித்துப் பக்கத்தில் புதிதாக எழுதுவது. அடித்த எண்ணும் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும், சில நாள் அடித்ததுதான் சரியாக இருந்திருக்கிறது. அப்புறம், அளந்த இடத்திலேயே எழுதுங்கள். நடந்து வீட்டுக்கு வருவதற்குள் எனக்கு 16.4, 14.6 ஆகியிருக்கிறது.

ஒரு விஷயம் ரொம்ப நாள் உறுத்தியது. பையன் 15.2 என்று எழுதிய அன்று மீட்டர் காட்டியது 13.4. அதோடு 1.8 கூட்டினால் 15.2தான். கொள்முதல் நிலையத்தில் 14.6 வந்ததே, மீதி 0.6 எங்கே போனது? ஆலைப் பெண்ணிடம் கேட்டேன். "ஒரே திருத்தம் எல்லா ஈரத்துக்கும் பொருந்தாதுக்கா, மூணு விதமா கொண்டாங்க" என்றாள். ஆகவே சம்பா அறுவடையில் வண்டியிலிருந்து இறங்கிய பச்சை நெல் ஒரு பாட்டில், ஒரு வெயில் காய்ந்தது ஒன்று, நன்றாகக் காய்ந்தது ஒன்று என்று மூன்று கொடுத்தேன். ஓவனில் வைத்துப் பார்த்ததில் 22 பக்கம் 2.3 கூட்ட வேண்டும், 19 பக்கம் 1.8, 15 பக்கம் 1.2தான். 17க்கு எவ்வளவு என்று சோதித்த எண் இல்லை, 19க்கும் 15க்கும் நடுவே வைத்து 1.5 என்று எடுத்துக்கொண்டேன். இந்தச் சின்ன அட்டவணையை எழுதி மீட்டர் மூடியின் உள்பக்கம் ஒட்டிவைத்திருக்கிறேன், சோதித்த தேதியோடு. ரகம் மாறினால் இதுவும் மாறலாம். சம்பாவுக்கு நான் போட்டது சிஆர் 1009, குறுவை நெல்லுக்கு இந்த எண்களை அப்படியே நம்ப மாட்டேன். பேட்டரி இறங்கினாலும் மாறும்.

தராசுக்கும் இதே கதைதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மின்னணுத் தராசுக்கு வருடம் ஒருமுறை தொழிலாளர் துறையின் முத்திரை இருக்க வேண்டும், அந்தத் தேதியைப் பார்ப்பதில் யாருக்கும் கோபம் வரக் கூடாது. எடை போடும் முன் தட்டு காலியாக இருக்கும்போது பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். காலிச் சாக்கின் எடையை எப்படிக் கழிக்கிறார்கள் என்று கேளுங்கள், முதலிலேயே கழித்துவிட்டு மறுபடி கடைசியில் கழிப்பதும் நான் பையனோடு சேர்ந்து செய்த அதே இரட்டைக் கூத்துதான்.

சம்பா நெல்லைக் கொண்டுபோக இருந்த அன்று மாமா கடித்துப் பார்த்து "காஞ்சிருச்சு" என்றார். மீட்டர் 16.4 காட்டியது, திருத்தம் 1.5, திருத்தியது 17.9. அவர் பேச்சைக் கேட்காமல் இன்னும் ஒரு வெயில் விட்டேன். மறுநாள் 15.3, கூட்டினால் 16.8. டப்பாவை எடுத்துக்கொண்டு போனேன், எழுத்தர் மீட்டரில் 16.7 வந்தது. அவர் என் நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஓரத்தில் பெரிதாக அடித்துக் கிடந்த ஓர் எண்ணைக் காட்டி இது என்ன என்று கேட்டார். அக்டோபர் மாதத்து 17.0. அதன் பக்கத்தில் "ரெண்டு தடவ கூட்டியாச்சு" என்று பையன் கையெழுத்தில் இருந்தது.

குறுவை நாற்றங்காலுக்கு உழவு ஓட்டும் முன் பேட்டரியை மாற்ற வேண்டும். மூன்று பாட்டிலைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.